பிடிமண்



புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் ஓர் ஊர் தன் அய்யனாருக்குக் குதிரை எடுப்பது என்று தீர்மானித்துவிட்டால், ஊர்ப் பெரியவர்கள் தாம்பாளத்தோடு, மண்குதிரை செய்யும் வேளார் வீட்டுக்குப் போவார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு அந்தத் தட்டில் ஒரு பிடி மண்ணும் இருக்கும். அந்த ஊர் மண். வேளார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கூலி எவ்வளவு, எத்தனை குதிரை, எந்தத் தேதிக்குள் என்பதையெல்லாம் பேசத்தான் செய்வார்கள். ஆனால் வேலையைத் தொடங்கிவைப்பது அந்தப் பிடிமண். அது கைமாறிவிட்டால் ஊரும் பின்வாங்காது, வேளாரும் பின்வாங்க மாட்டார்.

அப்படி இளவயதிலிருந்து பிடிமண் வாங்கி வருகிற ஒரு பெரியவரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அவர் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. "எழுதுறதா இருந்தா வேளார்னு எழுதுங்க தம்பி, அது போதும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அந்த வார்த்தைக்கு நான் கட்டுப்பட்டவன்.

புதுக்கோட்டைக்கு நான் போனது சித்தன்னவாசல் பார்க்க. ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். தாமரைக் குளத்தில் பூப்பறிக்கும் உருவங்களை விதானத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுநாள் திருமயம் கோட்டைக்குப் புறப்பட்டேன். அந்தச் சாலையில்தான் நமணசமுத்திரம் இருக்கிறது. அங்கே அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. முன்வரிசையில் இருப்பவை புதியவை, சுண்ணாம்பும் வண்ணமும் இன்னும் உதிராதவை. பின்னால் போகப் போக வண்ணம் போய், காது போய், பாசி படிந்து, கடைசி வரிசையில் கால்கள் மட்டும் நிற்கும். இதே வட்டாரத்தில் இளங்குடிப்பட்டிக்கும் போய்ப் பாருங்கள். இப்படி ஒரு சிற்பக்கூடம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று நான் நினைக்கிறேன். நுழைவுச்சீட்டு கிடையாது, காவலாளி கிடையாது. மழையும் வெயிலும் நேராக விழுகின்றன.

இந்தக் குதிரைகளை இன்றும் செய்கிறவர் யாராவது உண்டா என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். கையை நீட்டிப் பக்கத்து ஊரைக் காட்டி, "வேளார் வீடுன்னு கேளுங்க, சொல்லுவாக" என்றார். அப்படித்தான் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் நான்கு கால்கள் நின்றுகொண்டிருந்தன. உடம்பு இல்லை, தலை இல்லை. இடுப்பளவு உயரத்தில் நான்கு மண் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் குளம்பு, குளம்புக்கு மேல் சலங்கை. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அவற்றைச் சுற்றிவந்து ஒவ்வொரு காலையும் விரல் கணுவால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார், திண்ணையைக் காட்டினார், மறுபடி தட்டத் தொடங்கினார். நான்காவது காலைக் கேட்டு முடித்த பிறகுதான் "வாங்க தம்பி" என்றார்.

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மண்குதிரை காலிலிருந்து மேல்நோக்கி வளர்கிறது. உள்ளே கம்பி கிடையாது, சட்டம் கிடையாது. உள்ளே முழுக்கக் காலி. கண்மாயில் எடுத்த களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிக்கிறார்கள். கால்களை முதலில் நிறுத்துகிறார்கள். அவை பாரம் தாங்கும் அளவுக்கு இறுகியபின் வயிற்றுக்கான மண்ணைப் பட்டை பட்டையாக வைத்து ஏற்றுகிறார்கள். வயிறு இறுகக் காத்திருந்து நெஞ்சு, அதற்குப் பிறகு கழுத்து. தலையைத் தனியே செய்து கடைசியில் பொருத்துகிறார்கள். அவசரப்பட்டு ஈரக் காலின் மேல் வயிற்றை ஏற்றினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். அதிகம் காயவிட்டாலோ பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டாது, சூளையில் அந்த இடத்தில் பிரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரம்தான். அந்த நேரம் எப்போது வருகிறது என்பதைத்தான் அவர் காலைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உமி எதற்கு என்று கேட்டேன். சூளையில் உமி எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகிவிடும். சுவருக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற அந்தத் துளைகள் வழிவிடுகின்றன. விரிசல் ஒன்று கிளம்பினாலும் துளையில் போய் முட்டி நின்றுவிடுகிறது. இதை நான் பொருளறிவியல் மொழியில் சொல்கிறேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மண்ணு மூச்சு விடணும்ல."

வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி, மேலே மண் பூசி மூடி எரிக்கும் நாட்டுச் சூளையில் 700 முதல் 900 டிகிரி வரை சூடு ஏறும். வெப்பமானி எதுவும் கிடையாது. புகையின் நிறம் மாறுவதைப் பார்த்து அவர் காற்றுக்கண்ணை அடைக்கச் சொல்கிறார். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஓர் உருவத்தை, உள்ளே எலும்பு எதுவும் இல்லாமல், கைக்கணக்கில் எழுப்பிச் சுட்டு, உடையாமல் வெளியே எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சிற்பம் பயில்கிறவர்களுக்குத் தெரியும்.

அன்று பிற்பகல் வயிறு ஏற்றும் வேலை நடந்தது. அவருடைய வலது கட்டைவிரலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகம் பாதி தேய்ந்திருந்தது. புதிய மண் பட்டையைப் பழைய விளிம்பின் மேல் வைத்ததும் அந்தக் கட்டைவிரல் உள்பக்கமாகக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுக்கும், மற்ற நான்கு விரல்களும் வெளியே அணைபோல் நிற்கும். இழுப்பு, நகர்வு, இழுப்பு. வயிற்றைச் சுற்றி ஒரு முழு வட்டம். அதற்குப் பிறகு உள்ளே ஒரு வழுவழுப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டினார். கல்லும் பலகையும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. நடுவே விரற்கடைத் தடிமனில் மண். ஆனால் ஒரு தட்டுகூடக் கல்லைத் தப்பிப் போகவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. உடனே நிறுத்தி, அங்கே விரலால் தோண்டி ஒரு சின்னக் காற்றுக்குமிழை வெளியே எடுத்துவிட்டு, மண்ணை அப்பி, மறுபடி தொடங்கினார்.

அவர் மனைவி கொஞ்சம் தள்ளி மண் மிதித்துக்கொண்டிருந்தார். குதிகாலால் மிதித்து, அரை வட்டமாகத் திரும்பி, காலில் ஏதாவது உறுத்தினால் குனிந்து அந்தக் கல்லைப் பொறுக்கி எறிந்து, மறுபடி மிதிப்பார். நான் பெரியவரின் கையைப் படமெடுத்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்: "வர்றவுக எல்லாரும் இவுக கையத்தான் படம் புடிக்கிறாக. மண்ணுல ஒரு கல்லு கெடந்தாலும் சூளையில குதிரை வெடிச்சுப் போயிரும். அந்தக் கல்ல எடுக்குறது எங் காலு." பெரியவர் தலையாட்டினார். "சக்கரத்துல பொம்பளைக ஒக்காரக் கூடாதுன்னு வச்சிருந்தாக. ஆனா மண்ணு சரியா இருக்கான்னு இவகிட்டதான் நான் கேக்கணும்" என்றார். இந்தக் கலையைப் பற்றிப் படங்களோடு வெளியாகிற கட்டுரைகளில் அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அது நியாயமில்லை. ஒரு குதிரையை இரண்டு பேர் செய்கிறார்கள்.

இனி, வேளார் என்பவர் யார் என்று கேட்க வேண்டும். குயவர் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் பிடிபடும். அய்யனார் கோயில்கள் பலவற்றில் அவரே பூசாரியும் ஆவார். இந்தக் கோயிலுக்கு இந்தக் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக உரிமை உண்டு. மதுரை வட்டார வேளார்களைப் பற்றி ஆராய்ந்த ஸ்டீபன் இங்க்லிஸ் என்ற மானிடவியலாளர், 1984இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டின் தலைப்பிலேயே அவர்களைப் படைப்பவர்கள் என்றும் தெய்வமேற்றுபவர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் சரியாகப் பிடித்துவிட்டார் என்பேன். சுட்டெடுத்த குதிரை வேளார் வீட்டிலோ புரவிகளை நிறுத்திவைக்கும் பொட்டலிலோ நிற்கிறவரைக்கும் மண்தான். பிள்ளைகள் அதன் காலைப் பிடித்துச் சுற்றி விளையாடுவார்கள். குதிரை எடுப்பு நாளன்று வேளார் கடைசியாகக் கருவிழியை எழுதிக் கண் திறந்த பிறகு அதன்மேல் யாரும் சும்மா கைவைப்பதில்லை. வேட்டி சாத்தி, மாலை போட்டு, தோளில் தூக்கி, கொட்டுமேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். சிவகங்கைப் பக்கம் முதலில் போவது அரண்மனைப் புரவி, பின்னால் வீட்டுக்கு வீடு வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன் புரவிகள். பிள்ளை வேண்டியவர்கள் மதலைப் பொம்மை எடுத்துப் போவார்கள்.

அன்றைக்கு வேளாருக்கு மரியாதை உண்டு. மற்ற நாட்களில் அதே ஊரில் அவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் பேச வேண்டும். சிறுவயதில் பள்ளியில் சாதியைச் சொல்லி மண்ணைக் குழைக்கப் போ என்று விரட்டியதை அந்தப் பெரியவர் மறக்கவில்லை. தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார். கிராமத்துக் கலை அழிகிறதே என்று நகரத்தில் உட்கார்ந்து வருந்துகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திருவிழா அன்று மட்டும் கிடைக்கும் மரியாதையை நம்பி எந்தப் பிள்ளை வாழ்நாளைக் கொடுப்பான்?

சாயங்காலம் என்னை அவர் பூசை செய்யும் கோயிலுக்கு அழைத்துப் போனார். கோயிலின் பின்பக்கம் உடைந்த குதிரைகள் குவிந்து கிடந்தன. தலைகள், கழுத்துகள், முதுகின் ஓடுகள். சேணத்தின் வேலைப்பாடு தெரிந்த ஒரு துண்டுக்கு நடுவே அருகம்புல் வளர்ந்திருந்தது. மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு முன்னங்காலைக் காட்டி, "இது எங்கப்பா செஞ்சது" என்றார். குளம்புக்கு மேல் சலங்கைமணிகளை உருட்டி ஒட்டியிருந்த விதம் காலையில் நான் பார்த்ததைப் போலவே இருந்தது. மணிகளுக்கு இடையே இரண்டு நகக்கீறல், அதுவும் அப்படியே.

இதையெல்லாம் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டாமா ஐயா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்கப்பா செஞ்சது நின்னுக்கிட்டே இருந்துச்சுன்னா, என்னையக் கூப்புட்டு யாரு தம்பி பிடிமண்ணு குடுத்திருப்பா? நான் எப்படிக் கத்துக்கிட்டிருப்பேன்?"

நண்பர்களே, இந்தப் பதிலைத்தான் உங்கள் முன் வைக்க வந்தேன். கலையைக் காப்பது என்றால் செய்த பொருளைக் காப்பது என்று நாம் பழகிவிட்டோம். சித்தன்னவாசலுக்கு அது பொருந்தும். அந்த ஓவியத்தைத் திரும்ப வரைய ஆளில்லை, அதனால் தொல்லியல் துறை காவல் காக்கிறது. மண்குதிரையின் கணக்கு வேறு. அது சிதைவதால்தான் ஊர் மறுபடி கூடுகிறது, பணம் பிரிக்கிறது, வேளார் வீட்டு வாசலுக்குப் போகிறது. வேளார் மறுபடி மண் எடுக்கிறார், பேரன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். குதிரைக்கு ஆயுள் குறைவாக இருப்பதுதான் கலைக்கு ஆயுளைக் கொடுத்திருக்கிறது.

இதனால்தான் சிமென்ட் குதிரைகளைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது. ஊருக்கு ஊர் இப்போது அய்யனாருக்குச் சிமென்டில் குதிரை கட்டி, எனாமல் பெயின்ட் அடித்து, உபயதாரர் பெயரைக் கல்வெட்டில் போட்டுவிடுகிறார்கள். அதன் அழகு பற்றி நான் சண்டை போட வரவில்லை. சில நன்றாகவே இருக்கின்றன. கட்டுகிறவர்கள் பக்தியோடுதான் கட்டுகிறார்கள். திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ச் சம்பாதித்து அனுப்பும் பிள்ளைகள், ஒருமுறை செலவழித்தால் நிலையாக நிற்கட்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? ஆனால் விளைவைப் பாருங்கள். சிமென்ட் குதிரை நின்ற நாளிலிருந்து அந்த ஊர் வேளாரைத் தேடி வருவதில்லை. அடுத்த தலைமுறையில் மண்குதிரை வேண்டும் என்று அதே ஊர் ஆசைப்பட்டாலும் செய்ய ஆள் இருக்காது.

நிலையான உருவம் என்றாலே கேடு என்றும் நான் சொல்லவில்லை. கீரமங்கலம் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரை முன்னங்கால் தூக்கி நிற்கிறது. அது சுட்டமண் இல்லை. ஆனால் மாசி மகத்தன்று அதன் உயரத்துக்குக் காகிதப்பூ மாலைகளைக் கட்டி வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சாத்துகிறார்கள். மாலை கட்டுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் வேலை இருக்கிறது. குதிரை நிலைத்து நிற்கிறது, மாலை புதிதாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஊர் தனக்கென ஒரு வழியைக் கண்டிருக்கிறது.

வெளியுலகம் இந்தக் கலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1968இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் நாட்டார், பழங்குடிச் சடங்குக் கலைகளுக்கென்று பெரிய கண்காட்சி நடத்தினார். அய்யனார் குதிரைகளைப் பற்றியும் எழுதினார். டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் நம் குதிரைகள் நிற்கின்றன. 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் பார்க்கலாம். புதுச்சேரி வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டங்கள் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் அருங்காட்சியகம் ஒரு குதிரையை ஒரே தடவைதான் வாங்கும். ஊர்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்.

ஊர் கேட்டாலும் மண் கிடைக்க வேண்டுமே. பெரியவர் அதிகம் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். கண்மாய்கள் தூர்ந்து சீமைக்கருவேல் அடைந்து கிடக்கின்றன. நல்ல களி ஆழத்தில் கிடக்கிறது. ஒரு வண்டி மண்ணுக்கு அனுமதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த ஆண்டுகளை அவர் மனைவி விரல் விட்டு எண்ணினார். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நீர்நிலைகளில் வண்டல், களிமண்ணை வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுக்கலாம் என்று 2024இல் தமிழ்நாடு அரசு நடைமுறையை எளிதாக்கியது. மிக நல்ல முடிவு. அந்த அனுமதி உரிய காலத்தில் கைக்கு வருவதுதான் முக்கியம். கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது மண் எடுக்காவிட்டால் அந்த ஆண்டு போனதுதான். படித்தவர்களும் அதிகாரத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் முயன்றால் இதைச் சரிசெய்துவிடலாம்.

இங்கே வந்திருப்பவர்களில் பலருக்குச் சொந்த ஊரில் அய்யனார் கோயில் இருக்கும். கமிட்டிக் கூட்டத்தில் குதிரைப் பேச்சு வரும்போது, சிமென்ட் குதிரை ஒன்றுக்கு ஆகும் செலவை எடுத்துவைத்து, அதில் எத்தனை வருடத்துக்கு மண்குதிரை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வேளாருக்குத் தரும் கூலி ஒரு கொத்தனாரின் நாட்கூலிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் பேசுங்கள். அவர் மனைவியின் நாட்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

சிற்பம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பெரியவரின் பேரன் ஐடிஐ படித்துக்கொண்டே விடுமுறை நாட்களில் தாத்தாவுக்குக் கைகொடுக்கிறான். கூட வேறு யாராவது கற்றுக்கொள்ள வந்தால் சொல்லித்தருவீர்களா என்று கேட்டேன். சாதி பார்க்க மாட்டேன், யார் வந்தாலும் சொல்லித்தருகிறேன், பொங்கல் கழிந்து வேலை தொடங்கும்போது வரட்டும் என்றார். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைக் கொடுங்கள். நானே அழைத்துப் போகிறேன். சாப்பாடு அவர்கள் வீட்டில். அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: முதல் ஒரு மாதம் குதிரைப் பக்கம் போகக் கூடாது, தன்னோடு நின்று மண் மிதிக்க வேண்டும்.